இழை உருவும் கூலி

கரும்பு ஜூஸ் கடைக்காரர் கரும்பை மூன்றாவது முறை மடித்து உருளைக்குள் விடும்போது அது ஏறக்குறைய கந்தல் துணியாகியிருக்கும். மடிப்புக்குள் அரை எலுமிச்சை, ஒரு துண்டு இஞ்சி. இன்னொரு தடவை விட்டால் சொட்டுக்கூட வராது. சக்கையை உருவி, பின்னால் கிடக்கும் குவியலில் எறிந்துவிட்டு அடுத்த கரும்பை எடுப்பார். சர்க்கரை தீர்ந்துவிட்டது என்பது அவர் முடிவு. குவியலை முகர்ந்துகொண்டு நிற்கும் மாட்டுக்கு வேறு அபிப்பிராயம்.

மாடு சொல்வதுதான் சரி. உலர்ந்த கரும்புச் சக்கையின் எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் செல்லுலோஸ். செல்லுலோஸோ முழுக்க முழுக்கக் குளுக்கோஸ். ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. நாம் குடித்தது கரும்பில் கரைந்து கிடந்த சர்க்கரையை. கரும்பு தன் உடம்பைக் கட்ட எடுத்துக்கொண்ட சர்க்கரை அந்தக் குவியலிலேயே பூட்டிக் கிடக்கிறது. மாட்டுக்கும் அதைத் திறக்கத் தெரியாது. அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிரிகளுக்குத் தெரியும்.

பூட்டைத் திறப்பவை நொதிகள் என்பது பழைய சேதி. திறக்கும் வேலையில் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு கூலி போகிறது, எங்கே தாமதமாகிறது என்பதுதான் நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. சோதனைக்குழாயில் கடைசிக் கணக்கு மட்டும் தெரியும்: இவ்வளவு சக்கை போட்டோம், இவ்வளவு சர்க்கரை வந்தது. இடையில் நடந்ததை வரவு செலவாக எழுதிப் பார்க்க ஆரம்பித்தது கணினி.

சில வருடங்களுக்கு முன் என் மடிக்கணினியிலேயே ஒரு குட்டி சிமுலேஷன் ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பன்னிரண்டு குளுக்கோஸ் கொண்ட ஒரு செல்லுலோஸ் சங்கிலி, சுற்றிலும் ஒரு பெட்டித் தண்ணீர். அவ்வளவுதான். இந்த வேலைக்குச் சர்க்கரைகளுக்கென்றே கிளைகாம் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. எந்த அணு எதை எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்ற விவரமெல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் அதில் மூன்றெழுத்துப் பெயர். பெயர்களை அடித்து, இரவு ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால், நூல் பிடித்தாற்போல் நிற்கவேண்டிய சங்கிலி ஸ்பிரிங் மாதிரி வளைந்து கிடந்தது. தண்ணீரில் தவறா, வெப்பநிலையில் தவறா என்று அரை நாள் தேடினேன். கடைசியில், ‘பி’ என்று முடியவேண்டிய பெயரை வரிசை முழுக்க ‘ஏ’ என்று முடித்திருந்தது கண்ணில் பட்டது. ‘பி’ என்றால் பீட்டா இணைப்பு, ‘ஏ’ என்றால் ஆல்ஃபா. ஆல்ஃபாவாகக் கோத்த குளுக்கோஸ், மாவுச்சத்து. செல்லுலோஸ் செய்யப் போய் நான் சோறு வடித்திருந்தேன்.

அந்த ஓரெழுத்து வித்தியாசத்தில்தான் சோறும் வைக்கோலும் பிரிகின்றன. ஆல்ஃபா இணைப்பில் சங்கிலி வளைந்து சுருளும். இடுக்குகளில் தண்ணீர் புகும், நம் எச்சிலில் இருக்கும் நொதி புகும். பீட்டா இணைப்பில் ஒவ்வொரு குளுக்கோஸும் தன் பக்கத்து குளுக்கோஸுக்கு நேரெதிராகக் கவிழ்ந்து உட்காருவதால் சங்கிலி ஒரு தட்டையான நாடாவாக நீள்கிறது. ஒரே அளவுக்கு வார்ந்த ஓலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, அப்படிச் செய்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ் நார் அப்படித்தான் இருக்கிறது. ஒரு தட்டுக்குள் நாடாக்களைப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் அந்த மாதிரிப் பலமான பிடி இல்லை. தனித்தனியே பார்த்தால் சொற்பமான ஈர்ப்புகள், நீளம் முழுக்கக் கூட்டினால் பெரிய தொகை. நிஷியாமா, லாங்கன், ஷாண்சி மூவரும் எக்ஸ்-கதிரையும் நியூட்ரானையும் கொண்டு 2002-இல் இதன் அணு வரைபடத்தைத் துல்லியமாகத் தந்தார்கள். சிமுலேஷன் செய்கிறவர்கள் தொடங்கும் இடம் அந்த வரைபடம்தான்.

செடியின் ஒரு மெல்லிய நாரில் எத்தனை சங்கிலிகள் என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. செல்லுலோஸை நெய்யும் புரதத் தொகுதி ஆறிதழ் பூப்போல இருப்பதால் இதழுக்கு ஆறு என்று வைத்து 36 என்றார்கள். இப்போது இதழுக்கு மூன்று, ஆகவே 18 என்ற பக்கம் பலர் சாய்கிறார்கள். போகட்டும். அந்த நாரைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ், பெக்டின், முற்றிய பாகங்களில் லிக்னின். மூங்கில் தட்டி கட்டி, மேலே களிமண் அப்பி மெழுகிய சுவர் மாதிரிதான் செல்சுவரும். தட்டியை அடைய மண்ணைத் தாண்ட வேண்டும்.

நொதி இல்லாமல், வெறும் தண்ணீரில், அறை வெப்பத்தில் ஒரு பீட்டா இணைப்பு தானாக அறுபட எவ்வளவு காலமாகும்? உல்ஃபெண்டனும் சகாக்களும் 1998-இல் கணித்த அரை ஆயுள் சுமார் 47 லட்சம் ஆண்டுகள். ஒரு நல்ல பூஞ்சையின் நொதி இதை ஒரு நொடிக்குள் செய்துவிடுகிறது.

*

அந்த நல்ல பூஞ்சை கிடைத்தது யுத்தத்தின் நடுவில். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுக்கூட்டத்தில் முகாமிட்ட அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் இற்று விழுந்தன. பருத்தி ஏறக்குறைய சுத்தச் செல்லுலோஸ். மழைக்காட்டு ஈரத்தில் பூஞ்சைக்கு விருந்து. குற்றவாளிகளைப் பிடித்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு இட்ட அடையாளம் க்யூஎம்6ஏ. ‘க்யூஎம்’ என்பது படைக்குத் துணிமணி, கூடாரம், சாப்பாடு வழங்கும் துறையின் பெயர்ச் சுருக்கம். முதலில் அதை டிரைக்கோடெர்மா விரிடி என்றே நினைத்தார்கள். வேர் அழுகலுக்கு மருந்தாக நம் ஊர் உரக்கடையில் பொடியாகக் கிடைக்கிறதே, அந்தப் பெயர்தான். 1977-இல் இது வேறு இனம் என்று முடிவாகி, அதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட எல்வின் ரீஸின் பெயரால் டிரைக்கோடெர்மா ரீசி ஆனது. கூடாரத்தைக் காப்பாற்றத் தொடங்கிய ஆராய்ச்சி, எரிபொருள் விலை ஏறிய எழுபதுகளில் தலைகீழாகத் திரும்பியது: துணியை இன்னும் வேகமாகத் தின்ன வைப்பது எப்படி? திருப்பூர் டீ-ஷர்ட்டில் ‘பயோ வாஷ்’ என்று போட்டிருப்பதும் இந்தக் குடும்பத்து நொதிகளின் கைவரிசையே. துணியின் மேல் துருத்தும் பிசிறை மட்டும் தின்ன விட்டு நிறுத்திவிடுவார்கள்.

ரீஸும் அவருடைய சகாக்களும் 1950-இல் ஒரு யூகத்தை முன்வைத்தார்கள். கரைந்த செல்லுலோஸை வெட்டத் தெரிந்த உயிரிகள் நிறைய. பருத்தியை வெட்டத் தெரிந்தவை கொஞ்சம். ஆகவே வேலை இரண்டு கட்டமாக இருக்கவேண்டும். முதலில் ஏதோ ஒன்று இழைகளை நெகிழ்த்துகிறது. அதற்கு சி1 என்று பெயர் வைத்தார்கள். பிறகு வேறொன்று வெட்டுகிறது; அது சிஎக்ஸ். நெகிழ்த்துவது எது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. இந்த சி1 என்ற எழுத்தை மறக்க வேண்டாம், அத்தியாயத்தின் கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

டிரைக்கோடெர்மா ரீசி கக்கும் புரதத்தில் பாதிக்கு மேல் ஒரே நொதி: செல்7ஏ. 1994-இல் ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் அதன் படிக அமைப்பை வெளியிட்டபோது, வெட்டும் பகுதியின் ஊடாக நீண்ட ஒரு சுரங்கம் தெரிந்தது. ஒரே ஒரு செல்லுலோஸ் நாடா நுழையும் அகலம். ஊசியில் நூல் கோப்பது மாதிரி நாடாவின் நுனி ஒரு பக்கம் நுழைகிறது. மறுமுனைக்கு அருகில் இரண்டிரண்டு குளுக்கோஸாக அறுபட்டு வெளியே விழுகிறது. சுரங்கத்தின் உட்சுவரில் டிரிப்டோஃபேன் என்ற தட்டையான அமினோ அமிலங்கள் நான்கு; சர்க்கரை வளையம் அவற்றின்மேல் படுத்துக்கொண்டு வழுக்கிப் போகும். சுரங்கத்துக்கு வெளியே, ஒரு நெகிழ்வான வால். வாலின் நுனியில் 36 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு குட்டிப் பாதம். பாதத்தின் தட்டைப் பக்கம் செல்லுலோஸ்மேல் ஒட்டிக்கொள்ளும்.

படிக அமைப்பு என்பது ஓடும் ஆளை எடுத்த ஒரு புகைப்படம். எங்கே மூச்சு வாங்கினான் என்று அதில் தெரியாது.

*

புகைப்படத்தை ஓடவைக்கும் வழியை 1977-இல் காட்டியவர்கள் மக்கேமன், கெலின், கார்ப்ளஸ். ஒரு சின்னப் புரதத்தின் ஒவ்வோர் அணுவையும் ஒரு பந்தாக, பிணைப்பை ஸ்பிரிங்காக எடுத்துக்கொண்டு, நியூட்டனின் விதிப்படி நகர்த்தினார்கள். சுற்றிலும் தண்ணீர்கூடக் கிடையாது. மொத்தம் ஓடியது 9.2 பிகோ நொடி. ஒளி அந்த நேரத்தில் மூன்று மில்லிமீட்டர்கூடப் போயிருக்காது.

இன்று செல்7ஏ-யை ஒரு செல்லுலோஸ் படிகத்தின்மேல் உட்காரவைத்துத் தண்ணீர் நிரப்பினால் சில லட்சம் அணுக்கள் வரும். கணினி அதைச் சமாளிக்கும். காலம்தான் சண்டைக்கு வரும். ஒரு நொடியைப் பத்து லட்சமாக நறுக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி நூறு கோடியாக நறுக்கினால் கிடைப்பது ஃபெம்டோ நொடி. அணுக்கள் அதிரும் வேகத்துக்கு, இரண்டு ஃபெம்டோ நொடிக்கு ஒரு தடவை எல்லா விசைகளையும் புதிதாகக் கணக்கிட்டாக வேண்டும். செல்7ஏ ஒரு வெட்டு வெட்ட எடுத்துக்கொள்வது ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி. அதாவது ஒரு வெட்டைப் பார்க்க 50 லட்சம் கோடி தடவை கணக்குப் போட வேண்டும். ஒரு நாளைக்கு 100 நானோ நொடி ஓட்டக்கூடிய எந்திரத்தில் 2,700 வருடங்கள் ஆகும்.

ஆகவே கருத்தரங்குகளில் காட்டும் அந்த அழகான வீடியோக்களை — நொதி நடந்துபோகிறது, சர்க்கரை உதிர்கிறது — நான் கொஞ்சம் சந்தேகத்தோடே பார்ப்பேன். அவற்றில் பல வெட்டி ஒட்டியவை. இந்தத் துறையில் உருப்படியாக நடந்தது படம் ஓட்டியதல்ல, கூலி கணக்குப் போட்டதுதான்.

கோரைப்பாயிலிருந்து ஒரு கோரையை உருவிப் பார்த்திருக்கிறீர்களா? ஓரத்துக் கோரை சும்மா வரும். நடுவில் இருப்பதை இழுத்தால் பாயே கூட வரும். செல்லுலோஸ் படிகத்திலிருந்து ஒரு நாடாவை உரிக்க எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பது இதே கேள்வி. அது தானாக உரியும்வரை காத்திருந்தால் முன்சொன்ன ஆயிரம் வருடக் கதைதான். அதற்குப் பதில் நாடாவை ஒரு கற்பனை ஸ்பிரிங்கால் பிடித்து ஒரு இம்மி தூக்கி நிறுத்துகிறார்கள். ஸ்பிரிங் எவ்வளவு இழுபடுகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். மறுபடி ஒரு இம்மி. இப்படிப் படிப்படியாகக் குறித்துக் கூட்டினால் மொத்த ஏற்றமும் வந்துவிடும்; பாறை தானே மலையேறக் காத்திருக்கத் தேவையில்லை.

அமெரிக்காவின் கொலராடோவில் கோல்டன் நகரத்தில், அப்போது தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தில், கிரெக் பெக்கம், மைக்கேல் குரோலி ஆகியோரின் குழு 2011-இல் இந்தக் கணக்கை நான்கு வகைச் செல்லுலோஸ் படிகங்களுக்குப் போட்டது. செடி இயற்கையாகக் கட்டும் வகைதான் உரிக்க அதிகச் செலவு பிடித்தது. அம்மோனியாவில் ஊறி அடுக்கு மாறிய வகைக்குக் குறைவு. படிகத்தின் மூலையில் இருக்கும் நாடாவைவிடத் தட்டையான முகத்தின் நடுவில் பதிந்த நாடா கடினம். பாய் விஷயம்தான், எண்களோடு.

அப்படியானால் இந்தக் கூலியைக் கொடுப்பது யார்? நம் தசையில் இழுக்கும் புரதங்கள் ஏடிபி என்ற எரிபொருளை எரித்து வேலை செய்கின்றன. செல்7ஏ-க்கு அந்த வசதி இல்லை. பூஞ்சையைவிட்டு வெளியே துப்பப்பட்டது, கையில் காசில்லாமல் ஊர்விட்டு ஊர் வந்த கூலியாள் மாதிரி. பணம் சுரங்கத்துக்குள் இருக்கிறது. நாடாவைப் படிகம் பிடித்திருக்கும் பிடியைவிடச் சுரங்கம் பிடிக்கும் பிடி பலமானது. இரண்டு குளுக்கோஸ் அறுபட்டு வெளியேறியதும் சுரங்கத்தில் இரண்டு இடம் காலி. அதை நிரப்ப நாடா முன்னே வழுக்கினால் ஆற்றல் கணக்கில் லாபம். அந்த லாபத்தில்தான் வெளியே இன்னும் இரண்டு குளுக்கோஸ் உரிபடுகின்றன.

வெட்டும் கணத்துக்கு இந்த ஸ்பிரிங்-பந்துக் கணக்கு உதவாது. ஸ்பிரிங் நீளும், சுருங்கும். அறுந்து வேறொன்றோடு ஒட்டிக்கொள்ளத் தெரியாது. அதற்கு எலக்ட்ரான்களைக் கணக்கில் எடுக்கும் குவாண்டம் முறை வேண்டும். அதைச் சில லட்சம் அணுக்களுக்குப் போட முடியாது. வெட்டு விழும் இடத்தில் சில டஜன் அணுக்களுக்குக் குவாண்டம், மிச்சத்துக்கெல்லாம் பந்தும் ஸ்பிரிங்கும் என்று பங்கு பிரிக்கும் தந்திரத்தை 1976-இல் வார்ஷெலும் லெவிட்டும் கண்டுபிடித்தார்கள். கார்ப்ளஸோடு சேர்ந்து அவர்களுக்கு 2013-இல் வேதியியல் நோபல் வந்தது. அவர்கள் அந்தத் தந்திரத்தை முதலில் பரீட்சித்துப் பார்த்த நொதி லைசோசைம், முட்டை வெள்ளைக்கருவில் இருப்பது, பாக்டீரியாவின் செல்சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலியை அறுப்பது. ஆக இந்த முறையே ஒரு செல்சுவரை இடிக்கும் வேலையில்தான் பிறந்தது.

2014-இல் அதே கொலராடோ குழுவினர் செல்7ஏ-யின் வெட்டை இப்படிக் கணக்கிட்டார்கள். 217-ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் ஒரு புரோட்டானைக் கொடுக்கிறது, 212-ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் எதிர்ப்பக்கத்திலிருந்து சர்க்கரையைப் பற்றுகிறது, இணைப்பு அறுகிறது. பிறகு ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து சர்க்கரையை விடுவிக்கிறது. இவற்றில் எது தாமதம்? முதல் வெட்டுதான். கணக்கு தந்த வேகம் நொடிக்குப் பத்தை ஒட்டி. நாடா வழுக்கி முன்னேறுவதோ அதோடு ஒப்பிட்டால் கண்மூடித் திறக்கும் வேலை.

இந்த எண்ணைச் சரிபார்க்க ஒரு வாய்ப்பு ஜப்பானிலிருந்து ஏற்கெனவே வந்திருந்தது. டோக்கியோவின் இகராஷி குழு அதிவேக அணுவிசை நுண்ணோக்கியில், பாசியிலிருந்து எடுத்த செல்லுலோஸ்மேல் செல்7ஏ மூலக்கூறுகள் ஊர்வதை நேரடியாகப் பார்த்து 2011-இல் வெளியிட்டது. வேகம் நொடிக்கு 7 நானோமீட்டர். இரண்டு குளுக்கோஸின் நீளம் ஒரு நானோமீட்டர். அப்படியானால் நொடிக்கு ஏழு வெட்டு. சிமுலேஷன் உலகத்தில் இவ்வளவு நெருக்கமாக வந்தால் மாலை போடலாம்.

ஆனால் அந்தப் படங்களில் கணக்குக்குள் வராத ஒன்றும் தெரிந்தது. முன்னால் போன நொதி ஏதோ மேட்டில் முட்டி நிற்கிறது. பின்னால் வந்தது அதன் முதுகில் இடித்து நிற்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒற்றைப் பாலத்தில் டவுன் பஸ் நின்றுபோன காட்சி. கட்டுரையின் தலைப்பிலேயே ‘போக்குவரத்து நெரிசல்’ என்று போட்டார்கள். சுரங்கத்தின் பலமான பிடி இங்கே எதிரியாகிறது: முட்டி நிற்கிற நொதி நாடாவை விட்டுவிட்டு வேறிடம் தேடிப் போகலாமே என்றால், பிடி விடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது தாமதம் வெட்டில். மணிக்கணக்கில் பார்த்தால் தாமதம் நின்று கிடப்பதில். தாமதம் எங்கே என்று ஒற்றைப் பதில் கேட்டவர்கள் வருடக்கணக்காகச் சண்டை போட்டதற்கு இதுவும் காரணம்.

*

சிமுலேஷன் முந்திச் சொல்லிப் பரிசோதனை பின்னால் வந்து ஆமாம் போட்ட சந்தர்ப்பங்கள் அபூர்வம். எனக்குப் பிடித்தது வாலின் கதை. நொதியின் உடம்பையும் பாதத்தையும் இணைக்கும் அந்த நெகிழ்வான வாலை எல்லோரும் வெறும் கயிறாகத்தான் நினைத்திருந்தார்கள். அதன்மேல் பூஞ்சை ஒட்டிவைக்கும் சர்க்கரைத் துணுக்குகள், மற்ற நொதிகள் வாலைக் கடித்துவிடாமல் இருக்கப் போட்ட உறை என்பது பாடம். கிறிஸ்டினா பெய்ன், பெக்கம் முதலானோர் அந்தத் துணுக்குகளையும் விடாமல் வைத்து ஓட்டிப் பார்த்தபோது, வால் அந்தரத்தில் ஆடவில்லை. செல்லுலோஸ்மேல் படுத்துப் படுத்து எழுந்தது. உடனே பரிசோதனையில் பாதத்தைத் தனியாகவும் பாதத்தோடு வாலைச் சேர்த்தும் ஒட்டவிட்டுப் பார்த்தார்கள். வாலோடு சேர்ந்தது சுமார் பத்து மடங்கு இறுக்கமாகப் பிடித்தது. 2013-இல் கட்டுரை வந்தது. படிக அமைப்பில் வாலே தெரியாது. சதா ஆடிக்கொண்டிருப்பதால் எக்ஸ்-கதிரில் கலங்கிப் போய்விடும். கணினி இல்லாவிட்டால் அது கயிறாகவே இருந்திருக்கும்.

சுவரின் களிமண்ணான லிக்னினை எடுத்துக்கொண்டவர்கள் டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஜெரமி ஸ்மித், லூகாஸ் பெட்ரிடிஸ் குழுவினர். டைட்டன் என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் செல்லுலோஸ், லிக்னின், நொதிகள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 2.37 கோடி அணுக்களை ஓட்டினார்கள். லிக்னின் எங்கே போய் ஒட்டிக்கொண்டது தெரியுமா? நொதி செல்லுலோஸைப் பற்ற வைத்திருக்கும் அதே தட்டைப் பாதத்தில். நொதிகள் வீணாவது தொழிற்சாலைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். எந்த இடத்தில் என்பது இப்படித் தெரியவந்தது. தண்ணீரில் லிக்னின் பந்தாகச் சுருண்டு எதன்மேலாவது ஒட்டப் பார்க்கும். டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பானைத் தண்ணீரோடு கலந்தால் அதே லிக்னின் நீண்டு விரிந்து செல்லுலோஸைவிட்டு விலகுவதையும் பிறகு அவர்களே காட்டினார்கள்.

இனி சி1. ரீஸ் யூகித்த அந்த நெகிழ்த்தும் சக்தியைத் தேடியவர்கள் அறுபது வருடம் வெவ்வேறு புரதங்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டிப் பார்த்துக் கைவிட்டார்கள். 2010-இல் நார்வேயில் எய்ஸிங்க், வாயெ-கோல்ஸ்டாட் குழுவினர், செல்லுலோஸின் ஒன்றுவிட்ட சகோதரனான கைட்டினை ஆராயும்போது, சங்கிலியை நுனியில் தேடாமல் படிகத்தின் தட்டை முகத்திலேயே நேராக அறுக்கும் நொதியைக் கண்டார்கள். அது தண்ணீரால் அறுக்கவில்லை, ஆக்சிஜனேற்றத்தால் அறுத்தது. செல்லுலோஸை அதே மாதிரி அறுக்கும் உறவினர்களும் வெகு சீக்கிரம் பூஞ்சைகளில் கிடைத்தார்கள். எல்பிஎம்ஓ என்று பெயர். அறுபட்ட இடத்தில் புது நுனிகள் கிளம்புகின்றன, பாயின் நடுவில் கோரை தளர்கிறது, செல்7ஏ நூல் கோக்க இடம் கிடைக்கிறது. டிரைக்கோடெர்மா ரீசியின் மரபணுக்களிலேயே இந்தக் குடும்பத்தவர் இருந்தார்கள். பலவீனமான வெட்டு நொதி என்று தப்பாக வேறு பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள்.

அத்தனை வருடக் கூலிக் கணக்கிலும் இந்த ஆள் இல்லை. பட்டியலில் சேர்க்காத ஆளுக்குக் கணினி கூலி போடாது.

சேர்த்த பிறகும் கஷ்டம் தீரவில்லை. எல்பிஎம்ஓ-வின் நடுவில் ஒரே ஒரு செம்பு அணு; அதை இரண்டு ஹிஸ்டிடின்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன, அதில் ஒன்று அந்தப் புரதத்தின் முதல் அமினோ அமிலமே. அந்தச் செம்பிடம் வருவது ஆக்சிஜனா, ஹைட்ரஜன் பெராக்சைடா என்று 2017-இலிருந்து ஆய்வகங்கள் வாதிட்டுக்கொண்டிருக்கின்றன. பந்து-ஸ்பிரிங் கணக்கில் செம்புக்குச் சரியான ஸ்பிரிங் கிடையாது. எலக்ட்ரான்கள் அதைச் சுற்றி நடந்துகொள்ளும் விதம், எந்தக் குவாண்டம் முறையைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப விடையையே மாற்றிவிடுகிறது. ஒரே வெட்டுக்கு இரண்டு குழுக்கள் இரண்டு கூலி சொல்வது இப்போது அந்தச் செம்பு அணுவில்தான்.